வாசகர் கேள்விகள்: அந்தீஸ் மலைநாட்டுக்குப் புறப்படுமுன்

சென்ற இதழில் பெரு நாட்டின் குஸ்கோ நகரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள், விசா எடுப்பது எப்படி என்பதிலிருந்து அங்கே புட்டு அவிக்கலாமா என்பது வரை கேட்டு எழுதியுள்ளனர். புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோரை ஊரில் வந்து பார்ப்பதோடு நில்லாமல், மூன்றாவது நாடொன்றில் சந்தித்துச் சேர்ந்து பயணம் செய்யும் வழக்கம் இப்போது நம்மிடையே பெருகி வருவது இக்கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்துள்ளேன்.

எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. இருவரும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறோம். ரொறன்ரோவிலுள்ள மகள், லீமாவில் எங்களைச் சந்தித்து, குஸ்கோ, வானவில் மலை, மச்சு பிச்சு, டிட்டிகாக்கா ஏரி அனைத்தையும் எட்டு நாளில் காட்டுவதாகத் திட்டம் அனுப்பியிருக்கிறாள். எங்களால் இயலுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்)

பயணம் இயலும் ஐயா. ஆனால் மகள் அனுப்பிய வரிசையிலும் வேகத்திலும் இயலாது.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு மலை என்பது கீரிமலையின் பெயரில் மட்டுமே உள்ளது. நுவரெலியாவுக்குப் போய்வந்தவர்களும் 1,868 மீற்றர் உயரத்தைத்தான் கண்டிருக்கிறார்கள். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலைச் சிகரம் 2,524 மீற்றர். அதன் உச்சியில் நின்றாலும், ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்திலுள்ள குஸ்கோவின் கடைத்தெரு உங்கள் தலைக்கு மேலே 900 மீற்றர் அளவில் இருக்கும். டிட்டிகாக்கா ஏரியின் நீர்மட்டமே 3,812 மீற்றர். வானவில் மலை 5,000 மீற்றரைத் தாண்டியது. மகள் இரண்டாவதாகக் காட்ட நினைத்திருப்பது அதைத்தான்!

குஸ்கோவின் காற்றிலும் ஒட்சிசனின் பங்கு நம்மூரில் உள்ள அதே 21 வீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். பழகுவதற்கு அதற்கு நாட்கள் வேண்டும். இளைஞர், முதியவர், ஓட்டப்பந்தய வீரர் என்ற வேறுபாடு இதில் அதிகம் இல்லை. நான் முதன்முறை போனபோது, காலை விமானத்தில் இறங்கி, மத்தியானமே சான் பிளாஸ் பகுதியின் கற்படிகளில் ஏறினேன். களைப்புத் தெரியவில்லை என்று பெருமைப்பட்டும் கொண்டேன். இருட்டும்போது நெற்றிப்பொட்டில் உளியால் அடிப்பது போன்ற தலையிடி. சூப்பின் மணமே குமட்டியது. தங்கியிருந்த வீட்டு அம்மா, முனியா என்னும் மலைப் புதினா இலையை அவித்துத் தந்து, படுக்கும்படி கையால் சைகை காட்டிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு நாளும் நான் பார்த்தது அந்த அறையின் கூரையை மட்டுமே.

ஆகையால் வரிசையை மாற்றுங்கள். லீமா கடலோர நகரம்; நம் நேரத்துக்குப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது. இரவும் பகலும் தலைகீழாகிவிடும் என்பதால் அங்கே இரண்டு நாட்கள் வெறுமனே இருங்கள். பிறகு குஸ்கோவுக்கு விமானத்தில் போய், நகரில் தங்காமல், அன்றே காரில் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒயாந்தைதம்போ ஏறத்தாழ 2,800 மீற்றர்; முதல் மூன்று இரவுகளை அங்கே கழிப்பது உடலுக்கு இதம். ஸ்பானியர் வருமுன் இம்மலைநாட்டை ஆண்ட இன்காக்கள் வகுத்த தெருக்களும் வாய்க்கால்களும் இன்றும் புழக்கத்தில் உள்ள ஊர் அது. அவர்களுடைய பழைய மலைநகரான மச்சு பிச்சுவுக்குப் புகையிரதமும் அங்கிருந்தே புறப்படுகிறது. மச்சு பிச்சு 2,430 மீற்றர்தான், அதாவது குஸ்கோவை விடத் தாழ்வு. அதைப் பார்த்து முடித்த பின்பு கடைசி மூன்று நாட்களைக் குஸ்கோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானவில் மலையை விட்டுவிடுங்கள். டிட்டிகாக்காவையும் இம்முறை விடலாம் என்பதே என் கருத்து. மகளுக்கு ஆசை தீராவிட்டால் உங்களை குஸ்கோவில் இருத்திவிட்டு அவர் போய்வரட்டும்.

அசெற்றசோலமைட் என்னும் மாத்திரையை உயரத்துக்கு ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது வழக்கம். சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கும், சில இரத்த அழுத்த மருந்துகளை எடுப்போருக்கும் அது பொருந்தாமல் போகலாம் என்பதால், உங்கள் மருத்துவரிடம் மருந்துச் சிட்டையைக் காட்டிக் கேட்டபின்பே வாங்கவேண்டும். அதை எடுத்தால் விரல் நுனி கூசும். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நித்திரை மாத்திரையும் மதுவும் முதல் நாட்களில் ஆகாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், நேர்கோட்டில் நடக்க இயலாமை, பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே உயரம் குறைந்த இடத்துக்கு இறங்கவேண்டும். அதுவே முதல் மருந்து.

தங்குமிடங்களில் கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் அது சட்டப்படியானது, பண்பாட்டில் ஊறியது. ஆனால் கொக்கெயின் பிரித்தெடுக்கப்படுவது அவ்விலையிலிருந்தே என்பதால், ஒரு தேநீர்ப் பையைக்கூடப் பெட்டியில் வைத்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வேலைக்காகப் போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுபவராக மகள் இருந்தால் அவர் குடிக்காமல் இருப்பதே நல்லது.

இலங்கைக் கடவுச்சீட்டுடன் போவதில் என்னென்ன சிக்கல்கள் உள்ளன?
(பருத்தித்துறை, சாவகச்சேரி வாசகர்கள்)

பெரு விசாவை விட வழியிலுள்ள நாடுகளே பெரிய சிக்கல். ஐக்கிய அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டுமே என்றாலும் அந்நாட்டு விசா வேண்டும். மட்ரிட், பாரிஸ், அம்ஸ்ரடாம் வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இலங்கையர் இடைமாறல் விசா எடுக்கவேண்டும்; கனடா அல்லது அமெரிக்க விசா செல்லுபடியாக உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. வளைகுடா நாடொன்றிலிருந்து சாவோ பாவுலோவுக்குப் பறந்து, அங்கிருந்து லீமா போவது நீண்ட வழியென்றாலும் தாள் வேலை குறைந்த வழி. எந்த வழியானாலும் முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்கட்டும். மலிவு என்று இரண்டு சீட்டாக எடுத்தால், பெட்டியை எடுக்க இடையில் குடிவரவைத் தாண்டவேண்டி வரலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுள்ளீர்கள். குஸ்கோவையும் மச்சு பிச்சுவையும் மட்டும் பார்ப்பவருக்கு அந்நோயின் ஆபத்து இல்லை. அமேசன் காட்டுப் பக்கம் போவோருக்கு உண்டு. ஆனால் அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து இலங்கைக்குள் நுழைவோரிடம் சான்றிதழ் கேட்கப்படும்; பெருவும் பிரேசிலும் அப்பட்டியலில் அடங்குவன. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்பே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை வைத்திருக்க வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் இந்த ஊசியைப் போடக்கூடாது.

இன்னொன்று, பெயர். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டிலும் புகையிரதச் சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்கவேண்டும். நமக்குத் தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக இருப்பதால், பதிவு செய்பவர் தலைப்பெழுத்தை மட்டும் போட்டு முடித்துவிடுவார். என்னை அங்கே எல்லோரும் பயணம் முழுவதும் காலஞ்சென்ற என் தகப்பனாரின் பெயரால்தான் அழைத்தார்கள். முதல் இரண்டு நாளுக்குப் பிறகு நானும் திருத்தவில்லை.

நான் பல்கலைக்கழக மாணவன். நண்பர்கள் நால்வராக இன்கா பாதையில் நடந்து மச்சு பிச்சு போக விரும்புகிறோம். வழிகாட்டி இல்லாமல் போகலாமா?
(திருநெல்வேலி)

முடியாது தம்பி. ஏறத்தாழ 42 கிலோமீற்றர் நீளமான அந்த நான்கு நாள் பாதைக்கு, உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊடாக மட்டுமே அனுமதி கிடைக்கும். ஒரு நாளைக்கு 500 பேர் என்பது கணக்கு. அதில் வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் அடக்கம் என்பதால் பயணிகளுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 200 இடங்களே. மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிடும். அனுமதி கடவுச்சீட்டு இலக்கத்தோடு பதியப்படுவதால் ஒருவர் வராவிட்டால் அவருடைய இடத்தில் இன்னொருவரைச் சேர்க்கவும் இயலாது. பெப்ரவரி மாதம் பராமரிப்புக்காகப் பாதை மூடப்பட்டிருக்கும். அது கடும் மழைக்காலமும்கூட. 2010 ஜனவரியில் வெள்ளம் புகையிரதப் பாதையை அரித்துவிட, மச்சு பிச்சு அடிவாரத்தில் அகப்பட்ட பயணிகளை ஹெலிகொப்டரில் ஏற்றிவர நேர்ந்தது.

இரண்டாம் நாள் வரும் கணவாய் 4,215 மீற்றர் உயரமானது. செத்த பெண்ணின் கணவாய் என்று அதற்குப் பெயர். கீழிருந்து பார்த்தால் படுத்திருக்கும் பெண்ணின் உருவம் தெரியும் என்பார்கள். சமதரையில் பிறந்து வளர்ந்த நமக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். புறப்படுவதற்கு முன் இரண்டு தடவையேனும் சிவனொளிபாதமலை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கிய மறுநாள் படியில் நிமிர்ந்து இறங்க முடிந்தால் நீங்கள் தயார்.

நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது விலையை மட்டும் பாராதீர்கள். உங்கள் கூடாரத்தையும் அரிசியையும் அடுப்பையும் சுமந்துகொண்டு உங்களை முந்தி ஓடுபவர்கள் சுற்றுவட்டார மலைக்கிராமத்து உழவர்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பாதையின் தொடக்கத்தில் தராசில் நிறுத்தும் பார்க்கிறார்கள். அவர்களுடைய கூலி என்ன, இரவில் எங்கே படுக்கிறார்கள், மழைக்கு என்ன உடுத்துகிறார்கள் என்ற மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். பதிலில் மழுப்பல் தெரிந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் அத்தகைய அனுமதி தேவைப்படாத சல்காந்தை, லாரெஸ் பாதைகள் உள்ளன. மலைக்கிராமங்களையும் தறிகளையும் பார்க்க விரும்புவோருக்கு லாரெஸ் வழியே எனக்குப் பிடித்தது.

நாங்கள் சைவ உணவுக்காரர். அங்கே சமாளிக்க முடியுமா?
(நல்லூர் வாசகி)

முடியும், ஆனால் சொல்லும் முறையில் கவனம் வேண்டும். “கார்னே வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாடு, ஆடு, பன்றி முதலியவற்றின் இறைச்சிதான், கோழி அக்கணக்கில் சேராது. “நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ” என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்கவேண்டும். மரக்கறி சூப்பும் எலும்புச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம் என்பதால் “கால்தோ”, அதாவது சாறு, எதில் வைத்தது என்றும் கேளுங்கள். கினோவா என்னும் மலைத்தானியக் கஞ்சி, பெரிய மணியுள்ள அவித்த சோளத்தோடு பாற்கட்டி, வகை வகையான உருளைக்கிழங்கு இவை எங்கும் கிடைக்கும். ரொக்கோட்டோ என்னும் மலைமிளகாயைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். குண்டு குண்டாகக் கறிமிளகாய் போல இருக்கும் அது நம் செத்தல் மிளகாய்க்குச் சற்றும் இளைத்ததன்று. கினிப்பன்றியை முழுதாகப் பொரித்து வைப்பது அங்கே விழாநாள் விருந்து. குஸ்கோ பேராலயத்திலுள்ள கடைசி இராப்போசன ஓவியத்தில் இயேசுவின் முன் உள்ள தட்டிலும் அதுவே இருக்கிறது. மேசைக்கு வந்தால் முகத்தைச் சுளிக்காமல் மறுத்துவிடுங்கள்.

புட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குஸ்கோவில் தண்ணீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் சோறும் பருப்பும் வேக நேரமெடுக்கும். அங்குள்ள வீடுகளிலும் பிறஷர் குக்கரைத்தான் நம்பியிருக்கிறார்கள். மா கொண்டுபோனால் புட்டு அவியும், பொறுமை வேண்டும்.

எந்தத் திருவிழாவை ஒட்டிப் போவது சிறந்தது?
(மானிப்பாய்)

ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இன்தி ராய்மி என்னும் சூரிய விழாவைப் பலரும் சொல்வார்கள். இன்று நடப்பது 1944இல் மீட்டெடுத்து அமைக்கப்பட்ட மேடை வடிவம். பார்க்க அழகு, கூட்டமும் விலையும் அதிகம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் ஊர் திரும்பவும் வசதியான மாதம் அது. ஆனால் ஜூனில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால், நான் கெஸ்வாசாக்கா பாலத்துக்கே போவேன். அபூரிமாக் ஆற்றின் மேல் ஏறத்தாழ 28 மீற்றர் நீளத்துக்குப் புல்லை மட்டும் திரித்துக் கட்டிய தொங்குபாலம் அது. ஒவ்வோராண்டும் நான்கு கிராமத்தவரும் கூடிப் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, மூன்று நாளில் புதிதாகக் கட்டி, நான்காம் நாள் ஆடிப்பாடுகிறார்கள். பெண்கள் இருந்த இடத்திலிருந்தே உள்ளங்கைகளுக்கிடையில் புல்லை உருட்டி மெல்லிய கயிறாக்க, ஆண்கள் அவற்றைச் சேர்த்து முறுக்கி நம் தேர்வடம் போன்ற பருமனான கயிறுகளாக்கி, இரு கரையிலும் நின்று இழுக்கிறார்கள். வடம் பிடித்துப் பழகிய கைக்கு அந்த இழுவையின் கனம் பார்த்தவுடனேயே விளங்கிவிடும். இந்த அறிவு 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தீஸ் மலைமக்களின் கெச்சுவா மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?
(பட்டதாரி மாணவி, கோண்டாவில்)

உறவு என்பதற்குச் சான்று இல்லை. ஒப்புமை உண்டு, அது சுவையானது. இரண்டும் ஒட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லை நீட்டும் மொழிகள். வாசி என்றால் வீடு; வாசிய்குனாபி என்றால் என் வீடுகளில். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதும் நம் வழக்கம் போன்றதே. எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது, கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் நாம், அவரை விலக்கிச் சொல்லும் நாங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் இருப்பது: நோகான்சிக் என்றால் நாம், நோகாய்கு என்றால் நாங்கள். ஸ்பானிய மொழியில் இந்த வேறுபாடு கிடையாது. இத்தகைய ஒப்புமைகள் உறவில்லாத மொழிகளிலும் தாமாகவே தோன்றுவதுண்டு என்பதை அந்தக் காணொளி சொல்லாமல் விட்டிருக்கும்.

நான் உருளைக்கிழங்குச் செய்கைக்காரன். மகன் அழைப்பதால் போகிறேன். இடிந்த கற்சுவர்களில் எனக்கு அக்கறை இல்லை. கிழங்கு பிறந்த மண் அது என்கிறார்கள். எதைப் பார்க்கலாம்? விதைக்குச் சில கிழங்குகள் கொண்டுவரலாமா?
(உரும்பிராய்)

எனக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையதே. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

பீசாக் ஊருக்கு மேலே, மலைக்கிராமங்கள் சில ஒன்றுகூடி நடத்தும் உருளைக்கிழங்குக் காப்பகம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை அங்கே இன்னும் நட்டுக் காக்கிறார்கள். ஊதா, கறுப்பு, உள்ளே சிவப்பு வளையம் போட்டது, நம் இஞ்சியைப் போல முடிச்சு முடிச்சானது என்று ஒரே கூடையில் கொட்டிக் காட்டுவார்கள். முடிச்சுக் கிழங்குக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று கெச்சுவா மொழியில் பெயர்; புதிதாக வந்த பெண் அதன் தோலை எவ்வளவு மெலிதாகச் சீவுகிறாள் என்று மாமியார் பார்ப்பாராம். நீங்கள் செம்மண்ணில் ஒரே இனத்தைப் பாத்தி கட்டி நடுகிறீர்கள். அவர்கள் ஒரு துண்டுக் காணியில் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள், பனியோ பூச்சியோ ஒன்றை அழித்தால் மற்றொன்று மிஞ்சட்டும் என்று. காலால் மிதித்து மண்ணைக் கிளறும் சாக்கிதாக்யா என்னும் மண்வெட்டியைக் கேட்டு வாங்கி ஒரு தடவை குத்திப் பாருங்கள்.

இரண்டாவது, மொராய். ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும் வட்டப் படிக்கட்டு வயல்கள். மேல்படிக்கும் அடிப்படிக்கும் வெப்பநிலை வேறுபடுவதால் இன்காக்கள் பயிர்களைப் பழக்கிப் பார்த்த இடமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. மூன்றாவது, எந்தச் சந்தையிலும் கிடைக்கும் சுனியோ. ஜூன், ஜூலை மாதங்களில் இரவில் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, கூழாங்கல்லைப் போல ஆக்கிவிடுகிறார்கள், ஆண்டுக்கணக்கில் கெடாது. பனங்கிழங்கை ஒடியலாக்கி வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு அதன் பயனை நான் விளக்கத் தேவையில்லை. சூப்பில் ஊறிய சுனியோவைக் கடித்தால் பஞ்சும் மண்ணும் கலந்த ஒரு ருசி. எனக்கு இரண்டாவது கோப்பையில்தான் பிடித்தது. லீமாவில் 1971 முதல் இயங்கும் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தையும் மகன் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், பார்க்க அனுமதி கிடைக்கக்கூடும்.

விதைக்கிழங்கு மட்டும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடுகைப் பொருள் எதையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்காவில் பறிமுதல் செய்வார்கள். அதற்குக் காரணமும் உங்களுக்கே தெரியும். கிழங்கு பிறந்த மண்ணில்தான் கிழங்கின் வேரைத் தின்னும் வட்டப்புழுக்களும் பிறந்தன. ஒரு கிழங்கின் கண்ணில் ஒட்டியிருக்கும் மண்ணோடு அவை கோப்பாய்த் தோட்டம் வரை வந்துவிடும். வரும்போது சப்பாத்தின் அடியையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வாருங்கள். மருமகளை அழவைப்பதை அங்கேயே அவித்து, உப்பும் ரொக்கோட்டோச் சம்பலும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, எப்படியிருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.